பாரை விடுங்க முதல்ல! – கைட்சர்ஃபிங் வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ராமேஸ்வரம் கைட்சர்ஃபிங் பத்தி, அதாவது பெரிய பட்டம் இழுக்க கால்ல பலகையோட கடல் மேல சறுக்குற விளையாட்டு பத்தி, ரெண்டு பக்கம் எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு ஆசிரியரும் நினைக்கல நானும் நினைக்கல. பாதிப் பேரு எவ்ளோ உயரம் பறக்கலாம்னு கேக்குறாங்க, மீதிப் பேரு செத்துருவோமான்னு கேக்குறாங்க. நடுவுல இருக்குற கேள்விகளா பொறுக்கி எடுத்திருக்கேன். பேரு போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

அண்ணா, யூடியூப்ல நாப்பது வீடியோ பாத்துட்டேன். சின்ன வயசுல மொட்டை மாடியில பட்டம் விட்டு டீல்ல ஏரியாவுலயே நான்தான் கெத்து. ஒரு லாங் வீக்கெண்ட் மூணு நாள்ல கத்துக்க முடியுமா?
– ஐ.டி. வாசகர், துரைப்பாக்கம்

தம்பி, நீங்க பட்டம் விட்டிருக்கீங்கன்னு படிச்சதும்தான் எனக்கு லேசா பயம் வந்துச்சு. பட்டத்துல நமக்கு ஊறிப்போன பழக்கம் என்ன, என்ன ஆனாலும் நூலை விடக்கூடாது, விட்டா மானம் போச்சு, பட்டத்தை அடுத்த தெரு பையன் தூக்கிட்டுப் போயிருவான். அதே கையோட இங்க வந்து நின்னா மாட்டிக்குவீங்க. நாங்க பயன்படுத்துற கைட் 9, 12 சதுர மீட்டர்னு இருக்கும், அதாவது பத்துக்குப் பத்து ரூமோட தரை அளவு துணி காத்துல நிக்குது, அது உங்க இடுப்புல கட்டியிருக்குற ஹார்னஸ் பட்டையில மாட்டியிருக்கு. இழுத்தா உங்களால தாங்க முடியாது, அவ்ளோதான்.

கைட்டோட லைன், அதாவது கயிறெல்லாம் வந்து சேர்ற கைப்பிடிக் கம்பிதான் பார். அதை நம்ம பக்கம் இழுத்தா பவர் ஏறும், தள்ளி விட்டா குறையும். ஆனா பயந்தவன் கை தானா என்ன பண்ணும்? கிடைச்சதை இறுக்கிப் பிடிச்சு நெஞ்சோட அணைச்சுக்கும். பஸ்ல சடன் பிரேக் போட்டா கம்பியைப் பிடிப்போம்ல அந்த மாதிரி. அதனாலதான் கைட் ஏத்துறது எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் விடுறது எப்படின்னு சொல்லித் தருவேன். மூணு படி. முதல்ல பாரை அப்படியே விட்டுரு, பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சிரும். அப்பவும் இழுத்துட்டுப் போகுதுன்னா சிக்கன் லூப்ல (பாரை ஹார்னஸ் கொக்கியில மாட்டுற வளையம்) இருக்குற குயிக் ரிலீஸை (அவசரத்துக்குக் கழட்டுற பூட்டு) உடம்பை விட்டு வெளிப்பக்கமா தள்ளு, கைட் ஒரே ஒரு லைன்ல தொங்கிக்கிட்டு செத்த கோழி மாதிரி தண்ணில விழுந்துரும். அதுக்கும் அடங்கலன்னா, இல்ல அந்த லைன் எதுலயாவது மாட்டி மறுபடி இழுக்குதுன்னா, லீஷையும் (அந்த லைனை ஹார்னஸோட இணைக்கிற கயிறு) கழட்டி விட்டுரு. கைட் போனா போகட்டும். ஆனா லீஷ் கழட்டுற முன்னாடி காத்தடிக்கிற திசையில யாராவது நிக்கிறாங்களான்னு ஒரு பார்வை.

இதை நான் வெறும் வாயால சொல்லி விடமாட்டேன், மண்ணுல நிக்க வச்சு கண்ணைக் கட்டி இருபது தடவை செய்ய விடுவேன், ஏன்னா நிஜத்துல தேவைப்படும்போது மூஞ்சில உப்புத்தண்ணி அடிச்சு ஒண்ணும் தெரியாது. நானே கத்துக்கிட்ட வருஷம் ஒரு மத்தியானம் கரையில திடீர்னு ஒரு காத்து அடிச்சப்போ பாரை விடாம தொங்கி முப்பது அடி தூரம் மண்ணுல இழுபட்டு முழங்கால் ரெண்டும் தேங்கா துருவின மாதிரி ஆயிருச்சு, அப்ப எனக்கு சொல்லிக்குடுத்தவர் ரிலீஸைக் காட்டித்தான் குடுத்தாரு, பழக்கி விடல.

மூணு நாள் கணக்குக்கு வர்றேன். பொதுவா 9 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் கிளாஸ் எடுத்தா போர்டுல எழுந்து கொஞ்ச தூரம் போகலாம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். காத்து உங்க லீவு லெட்டரைப் பாத்து அடிக்காது, மூணுல ஒரு நாள் சும்மாவே உக்காந்திருக்கலாம். அஞ்சு நாள் வச்சுக்கோங்க. எழுந்து நின்னுட்டா கத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல, கிளம்புன இடத்துக்கே திரும்பி வரத் தெரியுற வரைக்கும் தனியா இறங்காதீங்க.

ஐயா, காலேஜ் படிக்கிற என் பொண்ணு இதைக் கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சுமாரா நீந்துவா. அனுப்பலாமா? டிரஸ் எப்படிப் போடணும்?
– ஒரு அம்மா, மதுரை

அனுப்பலாம்மா. ஆனா "சுமாரா"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை முதல்ல சரி பண்ணிடுங்க. ஆழமான தண்ணில பதறாம மிதக்கணும், லைஃப் ஜாக்கெட் இருந்தாலும். மாநகராட்சி நீச்சல் குளத்துல ஒரு மாசம் போனா போதும்.

ஸ்கூலுக்கு போன் போட்டு நீங்களே கேளுங்க, கூச்சப்படாதீங்க. சொல்லித்தர்றவருக்கு ஐ.கே.ஓ மாதிரி சர்வதேச அமைப்போட சான்றிதழ் இருக்கா, ஒரு ஆளு ஒரே நேரத்துல எத்தனை பேருக்கு சொல்லித்தர்றாரு (ரெண்டு பேருக்கு மேலன்னா வேற இடம் பாருங்க), ஹெல்மெட்டும் இம்பாக்ட் வெஸ்ட்டும் (அடி தாங்குற மெத்தை வச்ச மேல்சட்டை) அவங்களே குடுக்குறாங்களா, கூட்டிட்டு வர மோட்டார் போட் தயாரா நிக்குமா இல்ல பக்கத்து ஊர்ல இருந்து வரணுமா. இன்னொரு கேள்வி இருக்கு, அதுதான் முக்கியம்: "காத்து சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க?" கிளாஸ் கிடையாதுங்க, இன்னொரு நாள் தர்றோம்னு சொன்னா நல்ல இடம். அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்னு சொன்னா போனை வச்சிருங்க.

டிரஸ்ஸுக்கு கவலையே வேணாம், முழுக்கை லைக்ரா பனியனும் லெக்கிங்ஸும்தான் வெயிலுக்கும் நல்லது, அது மேல ஹார்னஸ் போட்டுக்கலாம், எங்க ஊரு பொண்ணுங்களும் அப்படித்தான் இறங்குறாங்க. செயின், மோதிரம், தொங்குற கம்மல் எல்லாத்தையும் ரூம்ல வச்சிரச் சொல்லுங்க, மோதிரத்துல லைன் மாட்டுனா விரல் போயிரும். முடியை இறுக்கிப் பின்னி ஹெல்மெட்டுக்குள்ள விட்டுரணும்.

தூத்துக்குடியில வருஷம் பூரா காத்துதான் அடிக்குது. எந்தக் காத்துல இறங்கலாம், எதுல இறங்கக்கூடாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆப்ல பச்சையா காட்டுனா போதுமா?
– வாசகர், தூத்துக்குடி

இந்தப் பக்கத்துக்கு வந்ததுல உருப்படியான கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா பேசப்போறேன்.

வேகத்தை விட திசை முக்கியம். கடல்ல இருந்து சாய்வா கரைக்கு வர்ற காத்துதான் பழகுறவங்களுக்கு நல்லது, ஏதாவது ஆனாலும் கொஞ்சம் தள்ளி கரையிலயே கொண்டு வந்து போடும். நேரா கரையைப் பாத்து அடிக்கிற காத்துல கிளம்புறதே கஷ்டம், தப்பு பண்ணா கருவேலமரத்துலயோ கல்லுலயோ கொண்டு போய் சாத்திரும். கரையில இருந்து கடலுக்குப் போற காத்து இருக்கே, அதுதான் எமன். பாக்க அவ்ளோ அழகா இருக்கும், கரையோரம் அலையே இல்லாம கண்ணாடி மாதிரி தண்ணி, மரம் மறைக்கிறதால காத்தும் லேசாத்தான் தெரியும், புதுசா வந்தவன் இதுதான்டா நமக்கு ஏத்த கடல்னு இறங்குவான், இருநூறு மீட்டர் தள்ளிப் போனதும்தான் நிஜக் காத்து தெரியும், அப்புறம் திரும்ப முடியாது.

ராமேஸ்வரம் தீவுல இது தெளிவா புரியும். பாக் ஜலசந்தி பக்கத்தை பெண் கடல்னும் மன்னார் வளைகுடா பக்கத்தை ஆண் கடல்னும் சொல்லுவாங்க, ஒண்ணு சாது இன்னொண்ணு முரடு. ஆனா அது கச்சான் அடிக்கிற காலத்துக்குத்தான் பொருந்தும். ஏப்ரல், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கா அடிக்கும்போது தென்பக்கம் பொங்கும், வடபக்கம் அமைதியா கிடக்கும். வாடை ஆரம்பிச்சா அப்படியே தலைகீழ், பெண் கடலுக்கு சாமி வந்துரும், தென்பக்கம் சாதுவாயிரும். அமைதியா தெரியுற பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் காத்து கடலுக்குள்ள தள்ளிக்கிட்டு இருக்கும். ஸ்கூல்காரங்க அந்த அமைதியான தண்ணியிலயும் சொல்லித்தருவாங்க, இடுப்பளவு ஆழத்துல, போட் பக்கத்துல நிக்க. போட் இல்லாம நீங்க இறங்கக்கூடாது. தனுஷ்கோடி பக்கம்னா இன்னும் ஒரு தலைவலி, தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்ல, சர்வதேச எல்லைக்கோடு அதுக்கும் முன்னாடியே வந்துரும், மீன்பிடிக்கப் போறவங்க படுற பாடு உங்களுக்கே தெரியும், போர்டோட போய் நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க.

வேகம்னு பாத்தா, மணிக்கு 12ல இருந்து 18 நாட்டிகல் மைல், அதாவது 22ல இருந்து 33 கிலோமீட்டர், பழகுறதுக்குப் போதும். கடல்ல அங்கங்க வெள்ளை நுரை தலை காட்ட ஆரம்பிச்சா 12 வந்துருச்சுன்னு அர்த்தம். காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். ஆப்ல பச்சை சிவப்பு மட்டும் பாக்குறவங்க கோட்டை விடுறது இங்கதான். விண்டி, விண்ட்குரு எதுல பாத்தாலும் சராசரிக்கு அடுத்து கஸ்ட்னு (திடீர்னு வீசுற காத்தோட வேகம்) ஒரு வரி இருக்கும், சராசரி 14, கஸ்ட் 25ன்னு இருந்தா வீட்டுக்குப் போங்க. ரெண்டுக்கும் இடைவெளி கம்மியா இருக்குற நாள்தான் நல்ல நாள்.

ஆப்பை மூடிட்டு கரையில வலை பிரிச்சுக்கிட்டு இருக்குற பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எங்க அப்பா வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாத்துட்டு "மூணு மணிக்கு மேல மாறும்"னு சொன்னா மாறும், எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியாது. கறுப்பா ஒரு மேகம் அடியில திரை மாதிரி தொங்கிட்டு வந்தா, இல்ல சட்டுனு காத்து நின்னு ஜில்லுனு ஆச்சுன்னா, கைட்டை இறக்கிருங்க. பக்கத்துல வந்தப்புறம் இறக்கிக்கலாம்னு இருக்காதீங்க, அப்ப முடியாது.

ஆன்லைன்ல பழைய 12 மீட்டர் கைட் சல்லிசா கிடைச்சுது, வாங்கிட்டேன். கடலுக்கு வர்ற வரைக்கும் எங்க ஊரு கிரவுண்ட்ல பழகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேணாம் சார். கெஞ்சிக் கேக்குறேன். கிரவுண்டுல விழுந்தா தரை, கடல்ல விழுந்தா தண்ணி. சுத்தி மரம், கட்டடம்னு இருக்குற இடத்துல காத்து சுழிச்சு சுழிச்சு வரும், போதாக்குறைக்கு கரண்ட் கம்பி வேற. கிரவுண்டுல பழகணும்னு ஆசைன்னா ரெண்டு மூணு மீட்டர்ல டிரெய்னர் கைட்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஆள் இல்லாத இடத்துல லேசான காத்துல.

வாங்குன பொருளுக்கு வருவோம். எந்த வருஷத்துதுன்னு பாருங்க. காத்தடிச்சு தண்ணில மிதக்குற கைட்டுக்கு பிரான்ஸ்ல லெகனூ அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1984லயே காப்புரிமை வாங்கிட்டாங்க, ஆனா பாரை விட்டா பவர் கிட்டத்தட்ட முழுசா இறங்குற போ கைட் 2005 வாக்குலதான் பரவலா வந்துச்சு. அதுக்கு முந்தின சி வடிவ கைட்னா ஷோகேஸ்ல மாட்டுங்க. குயிக் ரிலீஸுக்குன்னே ஐ.எஸ்.ஓ 21853ன்னு ஒரு தரம் 2020ல வந்திருக்கு, கைட் பழசா இருந்தாலும் பார் மட்டும் அந்தத் தரத்துல புதுசா வாங்கிப் போடுங்க, ஆனா உங்க கைட்டுக்கு அந்தப் பார் ஒத்துவருமான்னு தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு. லைன் நாலும் ஒரே நீளமா இருக்கான்னு ஒரு ஆணியில மாட்டி இழுத்துப் பாருங்க. துணியை நகத்தால சுரண்டினா காகிதம் மாதிரி சத்தம் வந்து கிழியுதுன்னா வெயில் தின்னுருச்சுன்னு அர்த்தம். பிளாடர்ல, அதாவது கைட்டுக்குள்ள இருக்குற காத்துப் பையில, காத்தடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, காலையில தொங்கிப் போயிருந்தா ஓட்டை.

எல்லாம் சரியா இருந்தாலும் 12 மீட்டர் உங்களுக்கு ஏத்ததான்னு ஒரு கேள்வி பாக்கி. 75 கிலோ ஆளுக்கு மணிக்கு 15 நாட்டிகல் மைல் காத்துல 11, 12 சரியா இருக்கும், அதே ஆளு 20ல 9 தான் எடுக்கணும். உங்க எடையை நீங்க எழுதவே இல்ல.

நானா, கற்பிட்டி களப்புல சீசனுக்கு வெளிநாட்டுக்காரர் நிறைஞ்சு போறாங்க. போன மாசம் ஒருத்தரோட லைனும் என்ட லைனும் சிக்கிட்டு. யார் வழி விடணும்? சண்டை பிடிக்காம இருக்க ஏதும் சட்டம் இருக்கா?
– வாசகர், புத்தளம், இலங்கை

இருக்கு தம்பி, பாய்மரப் படகுக்கு உள்ள அதே சட்டம்தான். எதிரும் புதிருமா வந்தா யாருக்கு வலது கை முன்னாடி இருக்கோ அவங்களுக்கு வழி, மத்தவரு விலகணும். ஒரே திசையில போகும்போது பின்னாடி வர்றவருதான் பாத்துப் போகணும். கரையில இருந்து கிளம்புறவருக்கு முன்னுரிமை, உள்ள வர்றவரு காத்திருக்கலாம். ஒருத்தரை ஒருத்தர் தாண்டும்போது காத்து வர்ற பக்கம் இருக்கிறவரு கைட்டை மேல தூக்கணும், மற்றவரு கீழ இறக்கணும், அப்ப லைன் சிக்காது. லைனே 20, 24 மீட்டர் நீளம் இருக்கும், அதனால காத்து போற பக்கம் எப்பவும் 50 மீட்டர் காலியா வச்சுக்கோங்க, குளிக்கிற ஆட்களுக்கும் அதே கணக்கு.

சிக்கிட்டா ரெண்டு பேரும் உடனே ரிலீஸ் அடிக்கணும். விரலால லைனைப் பிரிக்கப் போகாதீங்க. இறுகியிருக்குற டைனீமா (மெல்லிசான, ரொம்ப வலுவான செயற்கை நார்) லைன் மாஞ்சா இல்லாமலே மாஞ்சா வேலை பாக்கும். ஹார்னஸ்ல ஒரு சின்ன கொக்கிக் கத்தி சொருகி வைங்க, விலை கம்மி.

இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும்னு நினைக்காதீங்க. 2024 ஒலிம்பிக்ல மார்செய்ல இந்த விளையாட்டு முதல் தடவை வந்ததுக்கப்புறம் ஆசைப்பட்டு கிளம்புனவங்க நிறைய, நாலு நாள் பாடத்தோட உங்க களப்புக்கு வந்து நிப்பாங்க. வழி உங்களோடதுதான்னாலும் அவரு முழிக்கிறதைப் பாத்தா நீங்க விலகிருங்க.

உங்க ஆளுங்க வந்து எங்க வலை மேல ஏறிப் போறாங்க, கேட்டா இங்கிலீஷ்ல பேசுறாங்க. அதையும் எழுதுங்க.
– மீனவர் மகன், பாம்பன் பக்கம்

எழுதுறேன் மாப்ள, நானும் அந்தப் பக்கத்து ஆளுதான். காயப்போட்ட வலை மேல கைட்டை விரிக்கிறது, வள்ளம் இறக்குற வழியில பம்ப் போட்டு காத்தடிக்கிறது, இதெல்லாம் நடக்குது, தப்புதான். பழகுறவங்க கேட்டுக்கோங்க: தண்ணில மிதவையோ கொடியோ தெரிஞ்சா அடியில வலை இருக்கு, சுத்திப் போங்க. வலையைக் கிழிச்சிட்டா ஓடாம நின்னு எவ்ளோன்னு கேட்டுக் குடுங்க. நடுக்கடல்ல நீங்க மாட்டுனா முதல்ல வர்றது யாரோட ஃபைபர் போட்னு நினைக்கிறீங்க?

அப்படியே ஒண்ணு சேத்துக்கறேன். மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு, 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, தள்ளி இருந்து பாக்க ஆசையா இருக்கும், ஆனா அனுமதி இல்லாம கால் வைக்கக்கூடாது. பாக் விரிகுடாவுல கடல் பசுவுக்காக 2022ல தனியா பாதுகாப்பகம் அறிவிச்சிருக்காங்க, அது மேயுற கடல் புல்லை போர்டால உழுதுட்டுப் போகாதீங்க. குளிர்காலத்துல கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை கூட்டமா நிக்கும். பறவைக்கு நம்ம கைட் தலைக்கு மேல சுத்துற பெரிய பருந்து. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த களைப்புல ரெண்டு வாய் தின்னும்போது போட்டோவுக்காக கிட்ட போய் கலைச்சு விடுறவங்களை எனக்குப் புடிக்கவே புடிக்காது.

துண்டு துண்டா வந்த கேள்விகளுக்கு துண்டு பதில்:

போர்டைக் காலோட கயிறு கட்டிக்கலாமா? (நாகர்கோவில்) கூடாது. ரப்பர் மாதிரி இழுபட்டு திரும்பி வந்து மண்டையில அடிக்கும்.

யாரும் இல்லன்னா தனியா கைட் ஏத்தலாமா? (புதுச்சேரி) கொஞ்ச வருஷம் ஆகட்டும். ஏத்தி விடுறவரும் விவரம் தெரிஞ்சவரா இருக்கணும், லைன் இடது வலது மாறியிருக்கிறதைப் பாக்காம கட்டைவிரல் காட்டிட்டா கைட் கிறுகிறுன்னு சுத்தி உங்களைத் தூக்கிட்டுப் போயிரும். பெரும்பாலான பார்ல சிவப்பு இடது கைக்கு, லைன் ஓரமா ஒரு தடவை நடந்து போய் பாத்துட்டு வாங்க.

கைட்டை தலைக்கு மேல நிறுத்திட்டு கரையில நின்னு அரட்டை அடிக்கலாமா? (ஈ.சி.ஆர்) அடிக்கலாம், அடுத்த கஸ்ட் வர்ற வரைக்கும்.

பீர்? (பேரும் இல்ல ஊரும் இல்ல) கைட்டை மடிச்சு பையில போட்டப்புறம்.

திருக்கை மிதிச்சா? (தொண்டி) காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சு தேய்ச்சு நடங்க, அது விலகிப் போயிரும். குத்திட்டா பொறுக்குற அளவு சுடுதண்ணில காலை வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு.

போர்டு போயிருச்சு, காத்து செத்துப் போச்சு, கரை ரொம்ப தூரத்துல தெரியுது. என்ன பண்ணணும்? எனக்கு ஒரு தடவை இப்படி ஆகி வள்ளக்காரர் வந்து காப்பாத்தினார்.
– வாசகி, சென்னை

அந்த வள்ளக்காரருக்கு பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுங்க. காத்து இருக்கும்போதே போர்டு மட்டும் போனா ஒரு கையை முன்னாடி நீட்டி உடம்பையே துடுப்பு மாதிரி சாய்ச்சு, கைட்டை ஒரு பக்கமா தாழ வச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாறி மாறி காத்துக்கு எதிரா ஏறி எடுத்துரலாம், பாடி டிராக்னு கிளாஸ்ல சொல்லித்தர்றது இதுக்குத்தான், நிறைய பேரு எப்ப சார் போர்டு தருவீங்கன்னு அவசரப்படுத்தி அதை அரைகுறையா விட்டுடுறாங்க.

காத்தே இல்லன்னா, ரிலீஸ் அடிச்சு, சேஃப்டி லைனை (கைட் தொங்குற அந்த ஒரு லைன்) பிடிச்சு இழுத்து, முதல்ல அதை மட்டும் பார்ல சில சுத்து சுத்தி முனையில முடிச்சு போட்டு, மத்த லைனையெல்லாம் பார்ல சுத்திக்கிட்டே கைட்கிட்ட போங்க. கையில சுத்தாதீங்க. கைட்டுக்குள்ள இருக்குற காத்தை மட்டும் திறந்து விட்டுராதீங்க, அதுதான் உங்க தெப்பம். அதுமேல படுத்து ரெக்கை முனையைப் பிடிச்சு தூக்குனா கொஞ்சம் காத்து இருந்தாலும் பாய்மரம் மாதிரி தள்ளிக்கிட்டுப் போகும். கரை கண்ணுக்குத் தெரியுதேன்னு கைட்டை விட்டுட்டு நீந்தக் கிளம்பாதீங்க, தண்ணில ஒரு தலை யாருக்கும் தெரியாது, அந்த மஞ்சத் துணி தெரியும். தண்ணி புகாத பையில போன் வச்சிருந்தா கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு உதவி 1093. இறங்குறதுக்கு முன்னாடி கரையில ஒருத்தர்கிட்ட "நாலரைக்குள்ள வரலன்னா தேடுங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. டீக்கடைக்காரர்கிட்டயாவது.

வயது 62. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடி போடுவேன். இது எனக்கு ஆகுமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

ஆகும் சார். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சொல்லித்தர்றவர்கிட்டயும் சர்க்கரையை மறைக்காதீங்க, வெறும் வயித்துல இறங்காதீங்க, கரையில பையில ரெண்டு கடலை மிட்டாய் இருக்கட்டும். இது கை பலத்துல ஓட்டுறது இல்ல, இழுப்பெல்லாம் ஹார்னஸ்லதான். இளவட்டங்களை விட உங்க வயசு ஆளுங்க சொன்ன பேச்சு கேப்பாங்க, பாரை விடுன்னா விட்டுருவாங்க. ஜனவரி, பிப்ரவரியில வாங்க, வெயிலும் கொல்லாது. கண்ணாடிக்கு மட்டும் பின்னாடி கயிறு கட்டிட்டு வாங்க சார், போன சீசன்ல மட்டும் மூணு பேரோடது எங்க கடல்ல கிடக்கு.